மூன்று மணி நேரமும் பதினெட்டு நாட்களும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே தூரம் எவ்வளவு என்று வினவினால், மைற்கணக்கில் விடை கூறுதல் பொது வழக்கம். பனி மூடிய அலாஸ்காவிலோ, ஒரு காலத்தில் அவ்வினாவுக்கு நாட்கணக்கிலேயே விடை கூறினர்.

அங்குள்ள ஃபெயர்பாங்க்ஸ் நகரிலிருந்து மக்கிராத் என்னும் சிற்றூர் ஆகாய வழியாக ஏறத்தாழ 280 மைல் தொலைவில் உள்ளது. மாரிகாலத்தில் அவ்வூருக்குத் தபால் சுமந்தவை நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளே. உறைந்த ஆறுகளின் மேலும் காடுகளினூடும் அவை சென்றடைய ஏறத்தாழ 18 நாட்களாயின.

1924ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆந் தேதி, காள் பென் ஐல்சன் என்பவர் தபாற்பைகளுடன் அவ்வழியே விமானத்திற் புறப்பட்டார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் விமானப் பயிற்சி பெற்ற அவர், ஃபெயர்பாங்க்ஸ் பாடசாலையில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர். கூரையற்ற ஆசனத்தில் கடுங்குளிரைத் தாங்கியவாறு பறந்து, மூன்று மணி நேரத்துக்குள் மக்கிராத்தை அடைந்தார். பதினெட்டு நாள் வழி ஒரு முற்பகலுக்குள் அடங்கிற்று!

ஆயின் திரும்பும் வேளையில் இருள் சூழ்ந்தது, வழி தவறிற்று. ஊரார் மூட்டிய தீயின் ஒளி கண்டே அவர் திசையறிந்தார். இறங்குகையில் விமானம் சேதமுற்றது. எட்டுப் பயணங்களின் பின் தபாற்பகுதியார் அவ்வொப்பந்தத்தை முடித்துவிட்டனர்.

மறு ஆண்டு சனவரியில், மேற்குக் கரையிலுள்ள நோம் நகரில் டிப்தீரியா என்னும் தொண்டை நோய் குழந்தைகளைப் பற்றியது. வைத்தியர் கேட்டிஸ் வெல்ஷ் தந்தி மூலம் மருந்து வேண்டினார். புகையிரதம் நெனானாவரை மருந்தைக் கொணர்ந்தது. எஞ்சிய வழி 674 மைல். விமானத்தை அனுப்புக என்று பலர் வற்புறுத்தினர். ஆயினும் ஃபெயர்பாங்க்ஸில் இருந்த விமானங்கள் மாரிகாலத்துக்கெனக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் இயந்திரங்களோ நீராற் குளிர்விக்கப்படுபவை. வழியில் ஒன்று வீழ்ந்தால் மருந்து முழுவதும் அழியும். ஆளுநர் ஸ்கொட் போன் நாய்களையே நம்பினார்.

இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டு சென்றனர். லெனார்ட் செப்பாலாவும் அவருடைய டோகோ என்னும் நாயும் உறைந்த கடலின் மேலே மிகக் கடினமான பகுதியைக் கடந்தனர். பெப்ரவரி 2ஆந் தேதி, குனார் காசன் என்பவர் மருந்தை நோம் நகரிற் சேர்த்தார். மொத்தம் 127½ மணி நேரம். மருந்துக்குப்பி ஒன்றேனும் உடையவில்லை.

விமானத்தின் வேகம் பொய்யன்று. அதனை நம்பத்தக்கதாக்கும் வானிலை அறிவும், இறங்குதளமும், பொருத்தமான இயந்திரமும் அன்று வந்திலவென்பதே உண்மை. அவை வரும்வரை பலர் உயிரை விலையாகக் கொடுத்தனர். அவர்களுள் ஐல்சனும் ஒருவர். 1929 நவம்பரில், பனியிற் சிக்கிய கப்பலொன்றிலிருந்தோரையும் அதன் சரக்குகளையும் மீட்கும் பணியில், சைபீரியாவில் விமானம் வீழ்ந்து மாண்டார்.

அலாஸ்காவின் இறுதி நாய்வண்டித் தபாற் சேவை 1963இல் நின்றது. மக்கிராத்தை வெளியூர்களோடு இணைக்கும் தெருவழி இன்றும் இல்லை. அவ்வாசிரியர் காட்டிய ஆகாய வழியே அவ்வூராரின் பெருந்தெருவாய் விளங்குகின்றது.