கட்டளையா, படமா? – கரிசல் காட்டில் கணிப்பொறி வந்த கதை

கணிப்பொறி வரலாறு என்று எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரே கதைதான் இருக்கும். முதலில் டாஸ் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளைகளை மனப்பாடமாகத் தட்ட வேண்டும், சாதாரண ஜனங்கள் மிரண்டார்கள். பிறகு விண்டோஸ் வந்தது, மவுஸ் வந்தது, படங்கள் வந்தன, எல்லோரும் கணிப்பொறியைத் தொட்டார்கள். அமெரிக்காவில் இது உண்மையாக இருக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இந்தக் கதை கொஞ்சம் இடிக்கிறது. இங்கே பெரிய தடை கட்டளை இல்லை. அந்தத் திரைக்குத் தமிழ் தெரியாததுதான் தடை.

அருப்புக்கோட்டை வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், மல்லி, உளுந்து என்று மழையை நம்பிய வெள்ளாமை. மழை பொய்த்தால் கண்மாயும் காய்ந்து கிடக்கும். நூற்பாலையும் தறியும்தான் அந்த நாட்களில் பல வீடுகளுக்குச் சோறு போட்டன. தறிக்கும் கணிப்பொறிக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு. 1804ல் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பவர் துளை போட்ட அட்டைகளால் தறிக்கு உத்தரவு கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். துளை இருந்தால் பாவு இழை மேலே தூக்கும், துளை இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹோலரித் பயன்படுத்தியதும் துளை போட்ட அட்டைகளைத்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஜக்கார்டு பெட்டி பூட்டிய தறியில் உட்காரும் நெசவாளிக்கு அட்டையை மாற்றினால் பூ மாறும் என்று தெரியும். அதற்கு அவர் எந்த கம்ப்யூட்டர் கிளாசுக்கும் போகவில்லை. குறியீட்டைப் பார்த்து மிரளுகிற ஊர் இல்லை இது.

அடுத்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் பத்தாவது முடித்த பிள்ளைகளை லோயர், ஹையர் பரீட்சைக்கு அனுப்புவது வழக்கம். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை, விசைப்பலகையைப் பார்க்காமல். 1990களில் இந்த இன்ஸ்டிட்யூட்கள் பலவும் ஒரு கணிப்பொறியை வாங்கி வைத்து ‘கம்ப்யூட்டர் சென்டர்’ ஆயின. செருப்பை வெளியே கழற்ற வேண்டும், மெஷினுக்குத் துணி உறை போட்டிருக்கும். (கரிசல் புழுதிக்கு அந்த உறை நியாயமானதுதான்!) பாடம் டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். கோப்பைச் சேமிக்க கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கே, பிறகு டி. இதில் கஷ்டம் என்ன? ஹையர் பாஸ் செய்த பெண்ணுக்கு விரல்கள் ஏற்கனவே அந்த இடத்தில்தான் இருக்கின்றன. பின்னால் மவுஸ் வந்தபோது, ஒவ்வொரு முறையும் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதுதான் அவருக்கு வேகத்தடை.

ஆனால் அதே பெண் அந்தத் திரையில் தன் பெயரைத் தமிழில் எழுத முடியாது. டாஸ் திரை என்பது 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2,000 கட்டங்கள், எல்லாம் ஒரே அளவு. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, மொத்தம் 256 குறிகள்தான். ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே கட்டத்தில் எப்படி உட்காரும்? அதனால் எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில் ஏறின. திருச்சுழியையே எடுத்துக்கொள்ளலாம். ‘ழ’வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை. ஒருவர் எல் போட்டு எழுதுவார், இன்னொருவர் இசட்-எச் போட்டு எழுதுவார். மனிதனுக்கு இரண்டும் ஒரே ஊர். டிபேஸில் தேடினால் இரண்டும் வேறு வேறு. ஊருக்கே இந்தக் கதி என்றால் அழகர்சாமிக்கும் பழனியம்மாளுக்கும் என்ன கதி? ஒரே ஆள் ஓர் ஏட்டில் ஒருவராகவும் மற்றதில் வேறொருவராகவும் ஆகிவிடுவார். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் போகிற பஸ் காசும் ஒரு நாள் கூலியும் அவருடையவை.

டாஸுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கி பின்னர் சி-டாக் வளர்த்த ஜிஸ்ட் என்ற அட்டையைக் கணிப்பொறிக்குள் செருகினால் இந்திய மொழி எழுத்துக்கள் திரையில் வரும். கனடாவில் கே. சீனிவாசன் ‘ஆதமி’ என்ற டாஸ் தமிழ்ச் செயலியை எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு’ 1980களிலேயே தொடங்கிவிட்டது. தமிழுக்கு முதலில் கணிப்பொறியில் இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் பலர் இப்படிக் கடல் கடந்து இருந்தவர்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

படங்களுடன் கூடிய திரை 1973ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்து, 1984ல் மேக்கின்டாஷ் வழியாகக் கடைக்கு வந்தது. நம் பக்கத்துக்கு அதை விட முக்கியமான ஆண்டு 1992. அந்த ஆண்டு வந்த விண்டோஸ் 3.1ல் ட்ரூடைப் எழுத்துரு இருந்தது. இப்போது திரையில் கட்டங்கள் கிடையாது, புள்ளிகள்தான். எந்த எழுத்தையும் எந்த அகலத்திலும் வரையலாம். அதே மாவட்டத்தில் இருக்கும் சிவகாசிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாமே எழுத்தை நம்பிய தொழில். அச்சுக் கோத்த இடத்தில் டி.டி.பி. வந்தது. தமிழ் டைப்ரைட்டர் கற்றவர்கள் அதே விசை வரிசையில் பேஜ்மேக்கரில் அடித்தார்கள். மவுஸ் அங்கே துணைக்கு இருந்தது, அவ்வளவே. வேலையைச் செய்தது பழைய விரல் பழக்கமும் புதிய எழுத்துருவும்.

இதிலும் ஒரு கூத்து நடந்தது. எழுத்துரு செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டது. ஒரு கடையில் அடித்த பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் ஜிலேபி ஜிலேபியாக வரும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீடுகளையும் அறிவித்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது. விண்டோஸ் 2000லேயே லதா எழுத்துருவோடு தமிழ் உள்ளே வந்துவிட்டது.

இவ்வளவும் நடக்கும்போது கட்டளை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. ரயில்வே முன்பதிவு 1986ல் டெல்லியில் கணிப்பொறிக்கு மாறியது, 1999ல் நாடு முழுவதும் ஒன்றாக இணைக்கப்பட்டது. கவுண்டரில் இருப்பவர் வண்டி எண்ணையும் நிலையக் குறியீட்டையும் தட்டுவார், டிக்கெட் வந்துவிடும். அருப்புக்கோட்டைக்கு ஏ.பி.கே., விருதுநகருக்கு வி.பி.டி. விருதுநகரில் ‘பி’ எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்கள் ஊரின் பழைய பெயர் விருதுபட்டி என்பதை நினைத்துக்கொள்ளலாம். 1923ல் ஊர் பெயர் மாறியது, குறியீட்டில் பட்டி தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு செல்போன். 2003ல் வந்த நோக்கியா 1100ல் தொடுதிரையும் இல்லை, மவுஸும் இல்லை. ஆனால் ஆடு மேய்க்கிறவரும் ஸ்டார் போட்டு, எண் போட்டு, ஹேஷ் போட்டு மீதிக் காசு எவ்வளவு என்று பார்த்தார். அது சுத்தமான கட்டளை! யாரும் அதைக் கட்டளை என்று சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் யாரும் பயப்படவும் இல்லை. 2017ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தபோது அரசே இதே வழியைப் பிடித்தது. பதிவு செய்த போனிலிருந்து பி.டி.எஸ். என்று அடித்து 101 சேர்த்து எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று பதில் வரும். 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்று தெரியும். கடைக்கு மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டிய கிராமத்துக்கு இந்த இரண்டு எண்கள் எவ்வளவு பெரிய உதவி! ஆங்கில எழுத்து மூன்றுதான், அதைப் பேரப்பிள்ளை ஒரு முறை காட்டிக் கொடுத்தால் போதும்.

இதற்கு நேர் எதிர், நிலப் பதிவேடுகளின் இணையதளம். குறை சொல்ல முடியாது, தமிழிலேயே இருக்கிறது. பட்டா, சிட்டா வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் மாவட்டத்தை ஒரு பட்டியலில் தேட வேண்டும், வட்டத்தை இன்னொன்றில், கிராமத்தை மூன்றாவதில். பிறகு புல எண், உட்பிரிவு. பிறகு ‘அங்கீகார மதிப்பு’ என்று கோணல் மாணலாக ஒரு படம், அதில் இருப்பதைப் படித்து அடிக்க வேண்டும். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, எங்கே தொடுவது என்பதுதான் தெரியவில்லை. நான்கு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் சம்சாரிக்கு அந்தப் பக்கத்தின் வழி தெரியாது. தன் சர்வே நம்பர் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஊர் பெயர், நம்பர், பார், உட்பிரிவு. இதைவிடச் சுருக்கமான, பிழையில்லாத கட்டளையை எந்த மென்பொருள் நிபுணர் எழுதிவிட முடியும்? ரேஷனுக்கு இருந்த மாதிரி, அதை அப்படியே எஸ்.எம்.எஸ்.சில் அனுப்ப ஒரு வழி இருந்தால் அவருக்கு அதுவே போதும்.

அதற்குப் பதிலாக அவர் இ-சேவை மையத்துக்குப் போகிறார். கவுண்டரில் கையை ஊன்றி நின்றுகொண்டு, “நூத்திப் பன்னெண்டு பார் மூணு ஏ” என்கிறார். உள்ளே இருப்பவர் பட்டியல்களைத் திறந்து திறந்து மூடி, படத்தைப் படித்து அடித்து, தாளை எடுத்துக் கொடுக்கிறார். திரை அவர் பக்கம் திரும்பியிருக்கிறது.