சொல்லப்படாத அறிவுரை: கிழக்கு இலண்டன் தமிழரும் கவனக்குறைவுச் சட்டமும்

இலண்டன் மாநகரின் கிழக்கே, நியூஹாம் உள்ளாட்சிப் பகுதியில் அமைந்த மனோர் பார்க், ஈஸ்ட் ஹாமுக்கும் இல்ஃபோர்டுக்கும் இடையே நீளும் தமிழ்க் குடியிருப்புகளின் நடுவே உள்ளது. சர்ச் வீதியில் எழுந்துள்ள இலண்டன் ஸ்ரீ முருகன் கோயில் இப்பகுதித் தமிழரின் அடையாளமாக விளங்குகிறது. இக்குடியிருப்புகளின் வரலாறு பெரும்பாலும் கோயில்கள், தமிழ்ப் பள்ளிகள், கடைத்தெருக்கள் ஆகியவற்றின் வழியாகவே எழுதப்பட்டுள்ளது. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாகவும் அதனை எழுத இயலும். அவ்வாறு எழுதும்போது, கோயில் மலர்களில் இடம்பெறாத சில செய்திகள் புலப்படுகின்றன.

1983ஆம் ஆண்டு ஜூலை வன்முறைக்குப் பின் பிரித்தானியாவை அடைந்த ஈழத்தமிழர், ஆங்கிலச் சட்டத்தை முதன்முதலில் அடைக்கல வழக்குகளிலேயே எதிர்கொண்டனர். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை ஆறு தமிழர் தொடர்பில் வழங்கிய தீர்ப்பு, அகதிகள் சாசனத்தில் அச்சத்தைக் குறிக்கும் தொடருக்குப் பொருள் வரையறுத்தது. அவ்வறுவரும் தோற்றனர், தீர்ப்போ இன்றளவும் சட்ட நூல்களில் நிலைத்துள்ளது. குடியேற்றம் வேரூன்றியபின் வந்த வழக்குகள் வேறு வகையின. வேலைத்தலக் காயம், சாலை விபத்து, மருத்துவமனைத் தவறு என எந்தக் குடிமகனுக்கும் நேரக்கூடிய தீங்குகளுக்கான வழக்குகள் அவை. அவற்றுள் ஒன்று 2018 ஏப்ரலில் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்காகும். வழக்காளி ஒரு சிறுவன். எதிராளி, பார்க்கிங், ஹேவரிங், ரெட்பிரிட்ஜ் பகுதிகளின் மருத்துவமனைகளை நடத்தும் அரச மருத்துவ அறக்கட்டளை.

மனோர் பார்க்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் தொடர்வண்டியில் மூன்றாவது நிறுத்தம் குட்மேய்ஸ். அங்குள்ள கிங் ஜார்ஜ் மருத்துவமனையில் 2009 ஜூலையில் அச்சிறுவன் நலமாகவே பிறந்தான். பெற்றோர் இலங்கையிலிருந்து வந்த தமிழர். தாய்க்கு அது முதற் குழந்தை. அவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதளவே தெரியும். பிறந்த மறுநாளே தாயும் சேயும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தை ஓயாது அழுவதையும் பால் குடியாதிருப்பதையும் தாய் மருத்துவமனையிலேயே உணர்த்த முயன்றார். அது எவருக்கும் எட்டவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி, குழந்தை வெளிறிச் சோர்ந்து கிடப்பதையும் பல மணி நேரமாகப் பால் அருந்தாதிருப்பதையும் கண்டார். மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்குள் இரத்தத்தில் சர்க்கரை அளவு வீழ்ந்து மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தது.

கருவில் இருக்கும் சிசு தொப்புள்கொடி வழியாக இடைவிடாது சர்க்கரையைப் பெறுகிறது. கொடி அறுபட்டதும் அவ்வரவு நின்றுவிடுகிறது. உடலில் சேமித்த இருப்பு சிறிது நேரமே தாங்கும். பால் சேராவிடில் மூளையே முதலில் பட்டினி கிடக்கிறது. அழுகை ஓய்ந்து குழந்தை அயர்வதைத் தூக்கம் என்று புதிய தாய் கருதிவிடக்கூடும். உண்மையில் அதுவே ஆபத்தின் அறிகுறி. எத்தனை மணிக்கு ஒருமுறை பாலூட்ட வேண்டும், குடியாவிட்டால் எங்குச் செல்ல வேண்டும் என்னும் இரண்டு வாக்கியங்களே அத்தாய்க்குத் தேவைப்பட்டன.

தமிழ்ச் சமூகத்தில் அவ்விரு வாக்கியங்களையும் சொல்லும் பொறுப்பு மருத்துவமனையுடையதாக எக்காலத்தும் இருந்ததில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்னும் வழக்கம் வெறும் சடங்கன்று. அனுபவம் மிக்க பெண்களின் காவலில் புதிய தாயை வைக்கும் ஏற்பாடு அது. அவ்வேற்பாட்டிலும் குறைகள் இருந்தன. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்த வீடுகள் பல. எனினும், குழந்தை குடிக்கிறதா என்று இரவில் எழுந்து பார்க்க ஒருவர் இருந்தார். புலம்பெயர்வு அவரை அகற்றியது. குழந்தை பிறந்த மறுநாளே தாயை வீட்டுக்கு அனுப்பும் நவீன மருத்துவமனை முறை, அந்த இடத்தை நிரப்ப ஓர் அறிவுரைத் தாளையும் சில நிமிட உரையாடலையும் வைத்திருந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தால் அவ்விடம் வெற்றிடமே.

மருத்துவமனை அதனை நிரப்பக் கடமைப்பட்டதா என்பதே வழக்கின் முதல் கேள்வி. ஆங்கிலத் தீங்கியல் சட்டத்தில் கவனக் கடமை பொதுக் கோட்பாடாக வடிவம் பெற்றது 1932இல். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் இஞ்சிப் பானப் புட்டியில் கிடந்த நத்தை பற்றிய வழக்கில், தன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என முன்கூட்டியே உணரத்தக்க ஒவ்வொருவரும் சட்டத்தின் பார்வையில் அயலார் என அட்கின் பிரபு வகுத்தார். மருத்துவத் துறைக்கு 1957இன் போலம் வழக்கு அளவுகோல் தந்தது: பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று முறையென ஏற்கும் வழியில் நடந்தவர் கவனக்குறைவுடையவராகார். நோயாளிக்கு எதைச் சொல்வது என்பதையும் மருத்துவரே தீர்மானிக்கும் நிலை அதனால் நெடுங்காலம் நீடித்தது. 2015 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மாண்ட்கோமரி வழக்கில் அதனை மாற்றியது. இடர்களை நோயாளிக்கு எடுத்துரைப்பது கடமை என்றதோடு, சொல்வது அவருக்கு விளங்கும்படி இருத்தல் வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது.

கிங் ஜார்ஜ் வழக்கு, சிகிச்சைக்கு இசைவு பெறுவது பற்றிய வழக்கன்று. கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை. அதனாலேயே அதன் நுட்பம் பெரிது. மருத்துவ அறிவில் எந்தப் பிழையும் நேரவில்லை. தெரிந்த செய்தி உரியவரைச் சென்றடையவில்லை. நீதிபதி மார்ட்டின் மெக்கென்னா, பாலூட்டுதலின் இன்றியமையாமை பற்றியும், பால் குடியாவிட்டால் செய்ய வேண்டியது பற்றியும் தாய்க்கு விளங்கும் வகையில் அறிவுரை தரப்படவில்லை என்றும், அது கடமை மீறல் என்றும் முடிவு செய்தார். சொன்னோம் என்பது மருத்துவமனைக்குப் போதிய விடையாகவில்லை.

மொழித் தடை பற்றிய எச்சரிக்கை மருத்துவ உலகுக்குப் புதிதன்று. பிரித்தானியாவில் 2003 முதல் 2005 வரை நிகழ்ந்த தாய்மார் இறப்புகளை ஆராய்ந்து 2007 டிசம்பரில் வெளியான மறைகாப்பு விசாரணை அறிக்கை, ஆங்கிலம் அறியாத கர்ப்பிணிகளுக்குத் தொழில்முறை உரைபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும், உறவினரை இயன்றவரை அப்பணிக்குப் பயன்படுத்தலாகாது என்று பரிந்துரைத்திருந்தது. உறவினர் தமக்குப் புரிந்ததையே சொல்வர். கூச்சத்தால் சிலவற்றை விடுவர். இங்கு ஒரு முரண் எண்ணத்தக்கது. அடைக்கலம் கோரி வந்தவரின் அச்சம் உண்மையா என்று வினவும் நேர்காணலுக்கு அரசே உரைபெயர்ப்பாளரை அமர்த்துகிறது. ஐயுற்று வினவ மொழி உண்டு. பிள்ளைக்குப் பாலூட்டு என்று சொல்ல அதே மொழி அன்று கிடைக்கவில்லை.

கடமை மீறப்பட்டது என்பதோடு வழக்கு முடிவதில்லை. உரிய அறிவுரை கிட்டியிருந்தால் தீங்கு தவிர்ந்திருக்கும் என்று மெய்ப்பிக்க வேண்டும். பல வழக்குகள் இவ்விடத்தில்தான் வீழ்கின்றன. இலங்கையில், கொழும்புக் குழந்தை ஒன்றின் இறப்புக்காகத் தந்தை தொடுத்த பெயர்பெற்ற வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் வழங்கத் தீர்த்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் மருத்துவரின் கவனக்குறைவை ஏற்றபோதிலும், அதுவே இறப்புக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை எனக் கூறி இழப்பீட்டை நீக்கியது. கிங் ஜார்ஜ் வழக்கில், உரிய முறையில் சொல்லப்பட்டிருந்தால் அத்தாய் உதவி நாடியிருப்பார் என்று நீதிமன்றம் ஏற்றது. ஓயாத அழுகையை மருத்துவமனையிலேயே உணர்த்த முயன்றவர் அவர் என்பதை நோக்கின், வேறு முடிவு அரிது.

எல்லாவற்றுக்கும் மொழியே காரணம் என்று முடிவு கட்டுவதற்குச் சென்னை வழக்கு ஒன்று இடந்தருவதில்லை. எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனை 1844இல் தொடங்கிய பழைமை உடையது. அங்கு 1996 ஆகஸ்ட் 30 அன்று, கருவுற்ற 29ஆம் வாரத்தில், 1250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் உண்டாகலாம். பிறந்து சில வாரங்களுக்குள் கண்ணைப் பரிசோதித்தால் அதனைக் கண்டறிந்து மருத்துவம் செய்ய இயலும். அக்குழந்தை வாரக்கணக்கில் அம்மருத்துவமனையின் பராமரிப்பில் இருந்தது. வீடு திரும்பியபின் மறுபரிசோதனைக்கும் கொண்டுவரப்பட்டது. கண் பரிசோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. நோய் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது.

இங்கே உரைபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. சொல்ல வேண்டியவருக்கும் கேட்க வேண்டியவருக்கும் தமிழ் பொதுவாக இருந்தும் சொல் பிறக்கவில்லை. எழும்பூரில் வாய் திறக்கப்படவில்லை. குட்மேய்ஸில் செவிக்கு எட்டவில்லை. இரு நீதிமன்றங்களும் வெவ்வேறு சட்ட வழிகளில் சென்று ஒரே இடத்தை அடைந்தன: வீட்டுக்கு அனுப்பும்போது தரப்பட வேண்டிய அறிவுரையும் சிகிச்சையின் பகுதியே. எழும்பூர் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2009 மே மாதத்தில் 5 இலட்சம் ரூபாய் வழங்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று, எதிர்காலச் செலவுகளுக்காக 1,38,00,000 ரூபாயும், அதுவரை செய்த மருத்துவச் செலவுக்காக 42,87,921 ரூபாயும் வழங்க ஆணையிட்டது; பெரும்பகுதி மாநில அரசின் பொறுப்பாயிற்று.

தொகைகளைப் பேசும்போது, இறப்புக்கும் காயத்துக்கும் சட்டம் வைத்துள்ள விலை வேறுபாட்டைக் கடந்து செல்ல இயலாது. 1808இல் நிலைபெற்ற விதிப்படி, ஒருவரின் மரணத்துக்காக மற்றொருவர் இங்கிலாந்தில் இழப்பீடு கோர முடியாது. இரயில் விபத்துகள் பெருகிய காலத்தில் கேம்பெல் பிரபுவின் 1846ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் திருத்தியது. 1855இல் அதே சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் அது ஈடு செய்தது இறந்தவரின் வருவாயை நம்பியிருந்தோரின் பணயிழப்பை மட்டுமே. துயருக்கு ஈடு இல்லை என்று 1852இல் ஆங்கில நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. துயருக்கென ஒரு நிலையான தொகை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. முதலில் 3,500 பவுண்டு, 2008 முதல் 11,800 பவுண்டு, 2020 மே முதல் 15,120 பவுண்டு. அதைப் பெறுவோர் பட்டியல் மிகக் குறுகியது. கணவன் மனைவியும், மணமாகாத சிறாரின் பெற்றோரும் உண்டு; உடன்பிறந்தார் இல்லை, பாட்டியும் தாத்தாவும் இல்லை. பேரனை வளர்த்த அம்மம்மா நீதிமன்றத்தின் முன் துயருற்றவர் ஆகார். தமிழ்க் குடும்ப அமைப்பை அறிந்த எவருக்கும் இப்பட்டியல் அந்நியமாகவே தோன்றும்.

ஆகவே, 2009இல் குட்மேய்ஸ் குழந்தை இறந்திருந்தால், வருவாய் ஈட்டாத அவ்வுயிருக்குப் பெற்றோர் துயரின் பெயரால் பெறக்கூடிய தொகை 11,800 பவுண்டு மட்டுமே. ஈமச் செலவு தனி. உயிர் பிழைத்ததால் வாழ்நாள் முழுவதற்குமான பராமரிப்பு, சிகிச்சை, வீட்டு வசதி, இழந்த வருவாய் அனைத்தும் கணக்கில் வருகின்றன. இத்தகைய வழக்குகள் மில்லியன் பவுண்டு அளவில் பேசப்படுவதன் காரணம் இதுவே; அது சிறுவனுக்குக் கிட்டிய செல்வமன்று, அவனைப் பேணும் கைகளின் கூலி. 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கான அரச சட்ட உதவி நீக்கப்பட்டபோது, கருவிலோ பிறப்பிலோ பிறந்த 8 வாரங்களுக்குள்ளோ நரம்பு மண்டலக் காயத்தால் கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்கு மட்டும் அது விட்டுவைக்கப்பட்டது. இறந்த குழந்தையின் பெற்றோருக்கு அவ்வழி அடைபட்டது.

கிங் ஜார்ஜ் மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவு 2013 மார்ச்சில் மூடப்பட்டு, பிரசவங்கள் ரோம்ஃபோர்டு குவீன்ஸ் உள்ளிட்ட பிற மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டன. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு பொறுப்பு யாருடையது என்பதை மட்டுமே நிலைநாட்டியது. தொகைக் கணிப்பு பின்னொரு கட்டத்துக்கு விடப்பட்டது. அப்போது அச்சிறுவனுக்கு வயது 8. எழும்பூர்க் குழந்தை தன் வழக்கின் இறுதித் தீர்ப்பைப் பெற்றபோது அவளுக்கு வயது 18.