வன்னியில் மனையும் உழைப்பும்: போருக்குப் பிந்திய வீடமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

ஒரு சமூகத்தின் வரலாற்றுக்கு அதன் வீடுகளும் சான்று பகர்வன. மக்கள் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர் என்பது, அவர்கள் எவ்வாறு உற்பத்தி செய்தனர், அவ்வுற்பத்தியின் பயனை எவர் துய்த்தனர் என்பவற்றோடு பிரிக்கவியலாத தொடர்புடையது. பெரும்பாணாற்றுப்படை எயினர் குரம்பையையும் ஆயர், உழவர், அந்தணர் ஆகியோரின் உறைவிடங்களையும் வேறுவேறாகக் காட்டுவது வருணனை நயம் கருதி மட்டுமன்று. அக்காலத்து அசமத்துவ வளர்ச்சியின் பதிவாகவும் அது அமைகின்றது. இந்நோக்கில், 2009இல் போர் முடிவுற்றபின் வன்னிப் பெருநிலப்பரப்பில் மேற்கொள்ளப்பட்ட வீடமைப்பை ஆராயின், குறைந்த செலவில் வெம்மை தணிந்த வீடு என்பது கட்டடத் தொழில்நுட்பத்தின் பிரச்சினை மட்டுமன்று என்பது புலனாகும்.

வன்னியின் பழைய வீடு மண், மரம், ஓலை ஆகியவற்றால் ஆனது. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்லவே உள்வாங்கியது. பனையோலையும் கிடுகும் வேய்ந்த கூரை வெயிலைத் தடுத்தது. தாழ்ந்த கூரை விளிம்பும் திண்ணையும் சுவரில் வெயில் நேரே படாது காத்தன. மாரிக்கு முன் கூரை வேய்தல் ஒரு குடும்பம் தனித்துச் செய்யும் வேலையன்று. அயலவர் கூடி, ஒருவருக்கொருவர் மாறி மாறி உழைத்தே அது நிறைவேறிற்று. வீட்டின் குளிர்ச்சி கூட்டுழைப்பின் விளைபொருளாகவும் இருந்தது எனலாம்.

ஆயின், இதனைக் கொண்டு மண்வீட்டைப் பொற்காலச் சின்னமாகப் போற்றுவது வரலாற்று நோக்காகாது. கல்வீடு உடைமையின் அடையாளமாகவும் ஓலைக்குடிசை உடைமையின்மையின் அடையாளமாகவும் நிலவிய சமுதாயம் அது. தீக்கும் கறையானுக்கும் அடைமழைக்கும் அஞ்சி வாழ்ந்தோர் கல்வீட்டை வேண்டுவது சமத்துவ வேட்கையே. அதனை அறியாமையென இகழ நமக்கு உரிமையில்லை.

வவுனியா மாவட்டத்தின் மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. முகாம்களிலிருந்து மீண்டோர் முதலிற் பெற்றவை தறப்பாள்களும் தகரக் கொட்டில்களுமே. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், ஒப்பந்தகாரர் கட்டிய முதல் 1,000 வீடுகளைத் தொடர்ந்து, வடக்குக் கிழக்கில் பயனாளியே வீட்டைக் கட்டும் முறை 2012 ஒக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறுவதற்கேற்பத் தவணைகளாக வழங்கப்பட்டது. மக்கள் தம் வீட்டைத் தாமே ஆக்கும் உரிமையை இம்முறை ஏற்றமை முற்போக்கானது.

எனினும், அம்முறை இயங்கிய சந்தை மக்களின் கையில் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழுந்தபோது மணல், சீமெந்து, மேசன் கூலி யாவும் உயர்ந்தன. குறைநின்ற பணத்திற்காகப் பலர் நகையை ஈடுவைத்தனர், கடன் பட்டனர். கணவரை இழந்த பெண்கள் தலைமைதாங்கிய குடும்பங்களில், உழைப்புக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தமையால் இச்சுமை இருமடங்காயிற்று. அயலவரின் கூட்டுழைப்பு நின்ற இடத்தை நுண்கடன் கம்பனி பிடித்துக்கொண்டது. வறட்சியுற்ற மாவட்டங்களின் பெண்கள் பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தமை இந்நெருக்கடியின் ஆழத்தைக் காட்டும்.

இப்போக்கின் உச்சமே 65,000 உருக்கு வீட்டுத் திட்டம். ஆர்செலர்மிட்டல் என்னும் பன்னாட்டு நிறுவனம் வழங்கவிருந்த இப்பொருத்து வீட்டின் விலை முதலில் ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாவாகக் கூறப்பட்டது. அத்தொகையில் இரண்டு கல்வீடுகள் கட்டலாம் என்பதும், வரண்ட வலயத்து வெயிலுக்கும் விறகடுப்பில் சமைக்கும் வாழ்க்கைக்கும் உருக்கு வீடு ஒவ்வாது என்பதும், கட்டட வேலை உள்ளூருக்குக் கிட்டாது என்பதும் எதிர்த்தோர் வாதம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளரும் குறைகளை எடுத்துரைத்தனர். எதிர்ப்பினால் 65,000 வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டைப் பயன்பெறுமானத்திலிருந்து பிரித்து வெறும் பண்டமாக்கும் முயற்சி ஒன்று மக்கள் கருத்தினால் தடுக்கப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இன்று நம்முன் உள்ள பணி புது வீடு கட்டுவது மட்டுமன்று. கட்டிய வீட்டை வாழத்தக்கதாகத் திருத்துவதுமாகும். கூரைத்தகட்டின் கீழ் பனையோலைத் தட்டி அமைத்தல், கூரைக்கு வெள்ளை பூசுதல், மேற்குச் சுவருக்கு இறக்கும் பந்தலும் நிழல்மரமும் அமைத்தல், எதிரெதிரே காற்றுவழி விடுதல் ஆகியன பெரும் பணம் வேண்டாதவை. புதிய சுவர்களுக்குச் சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய மண்கற்கள் ஏற்றவை. சூளையில் சுடவேண்டாமையால் விறகும் மிஞ்சும். வன்னியிலே பனையும் மண்ணும் உண்டு. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் அனுபவமும் உண்டு. கிராமந்தோறும் கட்டடத் தொழிலாளர் கூட்டுறவுகள் அமைந்து, பெண்களுக்கும் தொழிற்பயிற்சி வழங்கப்படுமாயின், பழைய கூட்டுழைப்பு அதன் சாதியப் பிணிப்புகள் நீங்கிப் புதிய வடிவம் பெறும்.

எங்கெல்ஸ் 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது, சமூக உறவுகளைத் தொடாது வீட்டை மட்டும் சீர்திருத்த முனைவோரின் வரம்பை உணர்த்தினார். காணிப் பத்திரமின்மையால் வீட்டுத் திட்டங்களுக்குப் புறத்தே நின்றோர் வன்னியிலும் உளர். 1977 வன்செயலின்பின் இங்கு வந்து குடியேறிய மலையகத் தமிழர் பலர் அவருள் அடங்குவர். அவர்களுக்குக் காணியுரிமை கிட்டாதவரை, எத்துணைச் சிறந்த கட்டட நுட்பமும் காணியுடையோருக்கே பயன்படும். ஆதலின் வெம்மை தணிந்த வீட்டுக்கான கோரிக்கை, காணிக்கும் கடன் விடுதலைக்குமான கோரிக்கையோடு ஒன்றாகவே எழுப்பப்படல் வேண்டும்.