காடும் குறிநோக்கியும்

கெடா மாநிலத்தின் கிழக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டியுள்ள பாலிங் என்னும் சிற்றூரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சிக்காகவே நினைவுகூர்கின்றன. 1955-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28, 29 ஆகிய நாள்களில் அங்குள்ள ஆங்கிலப் பள்ளியில் துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லாக் ஆகியோர் ஒருபுறமும், காட்டிலிருந்து வந்த சின் பெங், சென் டியன், ரஷீத் மைதீன் ஆகியோர் மறுபுறமும் அமர்ந்து பேசினர். சரணடைதல் என்ற சொல்லைச் சின் பெங் ஏற்க மறுத்தார், பேச்சு முறிந்தது. ஆயுதங்களைக் கீழே வைப்பதைப் பற்றி அத்துணை நேரம் பேசினார்களே, அந்த ஆயுதங்கள் எத்தகையவை என்பதை ஆராய்ந்தவர் சிலரே.

இரு சாராரிடமும் இருந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் துப்பாக்கிகளே. ஜப்பானியரை எதிர்ப்பதற்கென்று வானிலிருந்து இறக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி 1945-இல் திருப்பித் தரப்படாமல் காட்டில் மறைக்கப்பட்டது. அரசுத் தரப்பிலோ லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் துப்பாக்கி புகழ் பெற்றது. அதனைக் ‘காட்டுத் துப்பாக்கி’ என்றே அழைத்தனர். ஏறத்தாழ ஏழு இராத்தல் எடை, குட்டையான குழல், 800 கஜம் வரை அளவு பொறித்த இரும்புக் குறி. ஆயின் மலாயாக் காட்டில் 800 கஜம் எங்கே தெரியும்? மூங்கிற் புதருக்கும் பிரம்புக் கொடிக்கும் இடையில் பகைவர் எதிர்ப்படுவது சில கஜ தூரத்தில். அங்கே குறி பார்ப்பதற்கே நேரமில்லை. அதனாற்றான் சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு அந்தப் போரில் மதிப்புக் கூடிற்று.

தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பம்பாய்ப் படையைச் சேர்ந்த டேவிட்சன் என்ற அதிகாரி துப்பாக்கிக்குத் தொலைநோக்கி அமைத்தார். அவர் பெயரால் அமைந்த கருவி 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் பயன்பட்டது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குறிகாரர் கொண்டிருந்த 32-ஆம் எண் தொலைநோக்கி உருவை மூன்று மடங்கு அளவில் பெரிதாக்கும். திறந்த வெளிக்கு அது போதும். காட்டிலோ, அதன் வழியே பார்ப்பவனுக்கு இலை பெரிதாகத் தெரியுமேயன்றி, இலைக்கு அப்பால் நிற்பவன் தெரியான்.

ஆனால் பாலிங் வட்டாரம் முழுவதும் காடன்று. தோட்ட மக்கள் நன்கறிந்த இடம் ஒன்றுண்டு; பால்மர நிரை முடிந்து காடு தொடங்கும் ஓரம். நிரையின் ஊடே நோக்கினால் பார்வை நெடுந்தூரம் செல்லும். பத்து அடி அப்பால் திரும்பினால் இருள். இங்கேதான் ஒரே கருவி இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. விடியுமுன் வாளியும் உளியும் ஏந்தி மரத்தடியில் குனிந்து நிற்பவர் பால்வெட்டும் பெண்ணா, துப்பாக்கி ஏந்தியவனா என்று பிரித்தறிவது சுடுவதற்கு முந்திய கடமை. உணவுக் கட்டுப்பாட்டினால் தோட்டத்தார் மரத்தடிக்குச் சோறு கொண்டு செல்லவும் தடை இருந்த காலம் அது. குறிநோக்கியைச் சுடுகருவி என்று மட்டும் கருதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். ஆளை அடையாளம் காண்பதே அதன் முதற்பயன்.

இந்த இருமைக்கு விடையாக வந்ததுதான், உருப்பெருக்கத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் இயலும் குறைந்த ஆற்றல் குறிநோக்கி. 1920-களிலேயே ஜெர்மானியர் வேட்டைக்கென்று ஒன்று முதல் நான்கு மடங்கு வரை மாறும் கருவியைச் செய்தனர். படைகள் அதனைப் பெரிதும் ஏற்றதோ அண்மையிற்றான். 2020-இல் அமெரிக்க மரீன் படை ஒன்று முதல் எட்டு மடங்கு வரையுள்ளதைத் தேர்ந்தெடுத்தது.

தேர்வில் எட்டு என்ற எண்ணைக் கண்டு மயங்குவோர் பலர். கீழ் எண்ணே முதன்மையானது. அது உண்மையாகவே ஒன்றாக இருந்தால்தான் இரு கண்ணையும் திறந்தபடி பார்க்க முடியும். ஒன்றேகாலாக இருந்தாலும் இரு கண்ணின் காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்தா. அடுத்து ஒளி. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24 மில்லிமீட்டர்க் கண்ணாடியில் நான்கு மடங்குக்கு 6, எட்டு மடங்குக்கு 3 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞர் கண்மணி ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். ஆகவே பால்வெட்டு நேரத்து மங்கலில் எட்டு மடங்கு வீண். குறிக்கோடு முன்தளத்தில் அமைந்தால் உருவோடு சேர்ந்து அதுவும் வளரும். ஆனால் ஒன்றில் வைக்கும்போது நூலிழையாக மெலிந்துவிடும். பின்தளத்தில் அமைந்தது எப்போதும் ஒரே தடிப்பில் நிற்கும். காட்டோரத்திற்குப் பின்னதே ஏற்றதெனத் தோன்றுகிறது.

தோட்டத் தமிழர்க்குத் துப்பாக்கி புதிதன்று. 1943 முதல் 1945 வரை இந்திய தேசிய இராணுவத்தில் பால்வெட்டும் ஆடவரும் பெண்டிரும் அதனை ஏந்திப் பயின்றனர். நான்கே ஆண்டுகளில் நிலை மாறிற்று. அவசரகாலச் சட்டத்தின்படி உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது மரண தண்டனைக்குரியதாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோளும் பயன் தரவில்லை.

இன்னொரு பகையும் உண்டு, அது ஈரம். மலாயாவின் புழுக்கத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படரும். நாளடைவில் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் பற்றி, கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர்க் குழாயினுள் காற்றை அகற்றி, ஈரமற்ற நைட்ரஜனை நிரப்பி மூடும் முறை பரவியது. அவ்வாறு மூடப்படாத பழைய கருவியைக் காட்டுக்குக் கொண்டு சென்றவன், முதல் மழையிலேயே இரும்புக் குறிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.