அமெரிக்கக் காட்சிச்சாலைகளிற் காரைக்காலம்மையார் திருவுருவங்கள்

காரைக்காலிற் புனிதவதியாராய்த் தோன்றிப் பேயுருவை வேண்டிப்பெற்ற அம்மையார், இறைவன்பால் இறுதியாக விரும்பியது அவன் ஆடும்பொழுது அடியின்கீழ் இருந்து பாடும் பேறே என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். அவ்வரலாறே சிற்பியர்க்கு இலக்கணமாயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்துக் கூத்தப்பிரான் கற்சிற்பத்தில் அம்மையார் திருவடியின்கீழ் அமர்ந்து தாளமிடுதலைக் காணலாம். ஆகலின், அம்மையார் திருவுருவம் ஆடும் திருவடியோடு இயைந்தே பொருள் நிரம்புவதாம்.

அமெரிக்க நாட்டிலுள்ள அம்மையார் செப்புத்திருமேனிகளுள் நன்கறியப்பட்டன இரண்டு. ஒன்று கான்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் காட்சிச்சாலை 1933இல் விலைக்கு வாங்கியது. மற்றொன்று நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலை 1982இற் பெற்றது. இரண்டும் 13ஆம் நூற்றாண்டின என மதிக்கப்படுகின்றன. வற்றிய மேனியும், கையில் தாளமும், இசையில் தோய்ந்த முகமும் உடைய இவற்றை அந்நாட்டார் சோழர் கலையின் சிறந்த படைப்புக்களாகப் போற்றுகின்றனர். சேய்மையிலுள்ளார்க்கும் அம்மையார் பெயரைத் தெரிவித்தமையும், திருமேனிகளைச் சிதையாது காத்தமையும் அவர்தம் பணிகளாம். அதனை மறுத்தல் முறையன்று.

எனினும், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் ஒருங்கே அரனெனத் தொழுமாறு விதிக்கின்றது. காட்சிச்சாலையில் வேடம் உண்டு, ஆலயம் இல்லை. காண்பார் உண்டு, பூசனை இல்லை. நீராட்டும் அமுதும் பெற்ற திருமேனி அங்குக் கண்ணுக்கு மட்டும் உரிய பொருளாய் நிற்கின்றது. கலையழகு பொய்யன்று, அது வழிபாட்டின் ஒரு கூறே என்பதுதான் சித்தாந்திகள் கொள்ளற்பாலது.

பிரிந்தவை மீளாவோ எனின், மீண்டனவும் உள. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்து நடராசர், செப்பனிடக் கொடுத்தவிடத்துப் போலி வைத்து மாற்றப்பட்டு, 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறநிலையத்தாரால் வாங்கப்பெற்றார்; வழக்கின்பின் எழுந்த உடன்பாட்டால் 1986இல் இந்நாட்டிற்கு மீண்டார். 2016இல் மாணிக்கவாசகர் செப்புத்திருமேனி ஒன்றும் அமெரிக்க அரசினரால் ஒப்படைக்கப்பட்டது.

இத்தகைய வழக்குகளில் உரிமையை நிறுவுவது பழைய நிழற்படமும் கோயிற் பதிவுமே. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1956 முதல் திருக்கோயில்கள்தோறும் எடுத்த படங்கள் பல திருமேனிகளின் ஊரைக் காட்டிக்கொடுத்தன. 1933இல் விலைக்கு வாங்கப்பெற்ற அம்மையார்க்கு அத்தகைய சான்று வாய்க்கும் காலம் அப்பொழுது வரவில்லை.

இன்றும் ஆனித்திங்களில் மாங்கனித் திருவிழாக் கொண்டாடும் காரைக்கால் அன்பரும், ஏனையூர்ச் சைவரும், தத்தம் கோயிற்றிருமேனி ஒவ்வொன்றையும் அளவுடனும் படத்துடனும் பதிந்து வைத்தல் பூசனைக்குப் புறம்பான செயலன்று. திருவடியினின்று அடியாரைப் பிரியாமற் காக்கும் தொண்டேயாம் என்க.