சிறுநீரில் உதிரும் செல்கள்

சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து செல்கள் ஓயாமல் உதிர்ந்து சிறுநீரோடு வெளியேறுகின்றன. அங்கே புற்று வளர்ந்தால் அதன் செல்களும் உதிரும். ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்ந்துவிடுவதால், தீவிர வகைப் புற்றின் செல்கள் இன்னும் எளிதாக உதிரும். இவற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே நோயை அறியலாம் என்று 1856இல் எழுதியவர் பிராக் நகர மருத்துவர் வில்ஹெல்ம் லாம்பிள். குடல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவை விவரித்தவரும் இவரே.

லாம்பிளின் யோசனை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1879இல் மாக்ஸ் நிட்ஸே சிஸ்டோஸ்கோப்பை அறிமுகப்படுத்திய பின் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் கண்ணாலேயே காண முடிந்தது. அந்தக் கருவிக்கு அடுத்தபடியாகச் சிறந்த வழி சிறுநீர் வண்டலைப் பார்ப்பதே என்று நியூயார்க்கின் ஃபிராங்க் ஃபெர்குசன் 1892இல் வாதிட்டார். ஆனால் அன்றைய சாயமேற்றும் முறைகளில் செல்லின் உட்கரு தெளிவாகத் தெரியவில்லை.

இந்தச் சோதனையின் தேவையை உலகுக்கு உணர்த்தியவர்கள் சாயத் தொழிலாளர்கள். 1895இல் ஃபிராங்ஃபர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் சாயம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் இருப்பதை வெளியிட்டார். அனிலின்தான் காரணம் என அவர் ஐயுற்றார். பீட்டா நாப்தைலமீன் நாய்களுக்கு இதே புற்றை உண்டாக்குவதை வில்ஹெல்ம் ஹூப்பரும் உடனிருந்தவர்களும் 1938இல் காட்டினர். எச்சரிக்கை கிடைத்த பிறகும் அந்தப் பொருளின் உற்பத்தி பல ஆண்டுகள் தொடர்ந்தது. தொழிற்சாலை வரலாற்றில் மன்னிக்கத் தகாத பக்கம் இது. நஞ்சு உடலில் சேர்வதற்கும் கட்டி தலைகாட்டுவதற்கும் இடையே பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் கடந்துவிடும். ஆலையை விட்டு விலகியவருக்கும் நோய் வரக்கூடும்.

செல்லைத் தெளிவாகப் பார்ப்பதில் இருந்த தொழில்நுட்பத் தடையை நீக்கியவர் ஜார்ஜ் பாப்பனிக்கொலாவ். கருப்பைவாய்ப் புற்றுக்கான பாப் சோதனையால் இன்று அறியப்படும் அவர், செல்களை உலரவிடாமல் பதப்படுத்தி, உட்கரு தெளிவாகத் தெரியும்படி சாயமேற்றினார். சிறுநீரக மருத்துவர் விக்டர் மார்ஷலுடன் சேர்ந்து இதே முறையைச் சிறுநீர் வண்டலில் கையாண்டு, 1945இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார். பிரிட்டனில் சாயத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கண்காணிக்க இச்சோதனை 1950களிலேயே பயன்பட்டது.

சோதனையின் உண்மையான வலிமை அமெரிக்காவில் வெளிப்பட்டது. பாரா அமினோ டைஃபினைல் என்ற வேதிப்பொருளோடு பழகிய தொழிலாளர்களின் சிறுநீரை லியோபோல்ட் காஸ், மைரன் மெலமெட் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தனர். சிலருக்குச் சிஸ்டோஸ்கோப்பில் கட்டி எதுவும் தென்படவில்லை. சிறுநீரிலோ புற்றுச் செல்கள் இருந்தன. உட்சுவரோடு சுவராகத் தட்டையாகப் பரவி, பின்னாளில் தசைக்குள் ஊடுருவக்கூடிய புற்று அது. லேசாகச் சிவந்த திட்டாகவோ, ஒன்றுமே இல்லாதது போலவோ தோன்றும் இவ்வகையைப் பிடிப்பதில் செல் சோதனைக்கு நிகர் அன்று வேறில்லை.

வீரியம் குறைந்த கட்டிகளில் நிலைமை வேறு. அவற்றின் செல்கள் இயல்பான செல்களைப் போலவே இருப்பதால் சோதனை பெரும்பாலும் கோட்டைவிடும். எதுவென்று தீர்மானிக்க முடியாத செல்களால் ‘ஐயத்துக்குரியது’ என்ற அறிக்கைகளும் பெருகி, நோயாளிகளை வீண் கவலையில் ஆழ்த்தின. 2013இல் பாரிஸில் கூடிய செல்லியல் மாநாட்டில் தொடங்கிய முயற்சி, 2016இல் ‘பாரிஸ் முறை’ என நூலாக வெளிவந்தது. தீவிர வகைப் புற்றைக் கண்டறிவதே இச்சோதனையின் வேலை என்று அது வரையறுத்தது. உட்கரு செல்லில் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது, எவ்வளவு கருத்திருக்கிறது, அதன் விளிம்பு எப்படிச் சிதைந்திருக்கிறது என்பவற்றுக்கு அளவுகோல்களும் வந்தன. இத்தெளிவு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். இரவெல்லாம் தேங்கிய சிறுநீரில் செல்கள் சிதைந்துவிடுவதால் காலையின் முதல் சிறுநீர் இதற்கு ஏற்றதல்ல. சோதனையில் புற்றுச் செல் இல்லை என வந்தாலும் நோய் இல்லை என்று உறுதிசொல்ல முடியாது. வலியில்லாமல் ஒரே ஒருமுறை சிறுநீரில் இரத்தம் போனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.