படித்தவர்களின் ஊரும் பால்புதுமையினரும்: கொல்கத்தாவை முன்வைத்துச் சில கேள்விகள்

படிப்பு ஏற ஏறப் பால்புதுமையினரை ஏற்கும் மனமும் விரியும் என்பது சமூகவியல் எழுத்தில் ஏறத்தாழ விதிபோல் வழங்கும் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்கக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1817இல் இந்துக் கல்லூரியும் 1849இல் பெத்தூனின் பெண்கள் பள்ளியும் கண்ட ஊர் அது. அங்கே ‘பத்ரலோக்’ எனப்படும் நடுத்தர வர்க்கம் படிப்பையே குலப்பெருமையாகக் கொண்டது. ஆனால் 1999 ஜூலை 2 அன்று இந்தியாவின் முதல் வானவில் நடைக்கு அங்கே திரண்டவர்கள் சுமார் 15 பேர்தான். அதற்குச் சில நாள் முன்பு, பெண்களிடையேயான காதலைக் காட்டிய ‘ஃபயர்’ படத்துக்கு எழுந்த எதிர்ப்பின் சூடு ஆறுமுன், தன்பால் ஈர்ப்புள்ள பெண்கள் ‘சாஃபோ’ குழுவைத் தொடங்கியிருந்தனர்.

இவர்களும் படித்தவர்கள்தாமே என்று கேட்கலாம். உண்மைதான். தம்மைப் பற்றிப் பேசும் துணிவுக்குப் படிப்பு அவர்களுக்குக் கைகொடுத்திருக்கும். அதே படிப்பு எதிரில் நிற்பவரை என்ன செய்தது என்பதே இங்கு கேள்வி.

மானபி பந்தோபாத்யாய் கொல்கத்தாவை அடுத்த நைஹாட்டியில் வளர்ந்தவர், வங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2015 ஜூனில் கிருஷ்ணநகர் மகளிர் கல்லூரியின் முதல்வரானபோது, இந்தியாவில் அப்பதவிக்கு வந்த முதல் திருநங்கை என நாடே கொண்டாடியது. அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே, ஆசிரியர், மாணவியரில் ஒரு பகுதியினர் ஒத்துழைக்கவில்லை என்று கூறிப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். கல்லூரி நிர்வாகச் சண்டைகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் பாலின வெறுப்பில் ஏற்றுவது பிழை. எனினும் பட்டம் அவருக்கு நாற்காலியைத்தான் தந்தது, இணக்கத்தை அல்ல என்பது தெளிவு.

வெறுப்பு பட்டப்படிப்புக்கு முன்பே, பள்ளி வயதில் கற்பிக்கப்படுகிறது. 2018 மார்ச்சில் தெற்குக் கொல்கத்தாவின் பெண்கள் பள்ளியொன்றில் 10 மாணவியர் தன்பால் ஈர்ப்பை ‘ஒப்புக்கொண்டு’ எழுதித் தர வற்புறுத்தப்பட்டதாகச் சர்ச்சை எழுந்தது. பெற்றோர் பள்ளியில் திரண்டு கொதித்தனர். கவனிக்க வேண்டியது அந்தக் கோபத்தின் தன்மை: பிள்ளைகள்மேல் பழி சுமத்திவிட்டார்களே என்பதே முறையீடு. அது பழிதான் என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் தளர்த்தியது; அந்த வகுப்பறைகளுக்கு அது எட்டியிருக்குமா என்பது ஐயமே.

சென்னை இதற்கு எதிர்வழக்கு. 2021இல் மதுரையிலிருந்து வந்து, பெற்றோரிடமிருந்து பாதுகாப்பு கேட்ட காதல் இணையரான இரு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கும் முன்முடிவுகள் உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளரிடம் அமர்ந்து கற்றார், பால்புதுமையினரைச் சந்தித்துப் பேசினார். சட்டப்படிப்பு செய்யாததை இந்தச் சந்திப்புகள் செய்தன. அதனால்தானோ என்னவோ, ஜூன் 7ஆம் தேதி ஆணையில் பள்ளிகளைப் பற்றிப் பேசியபோது, பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியே பால்புதுமையினரைப் பற்றிப் பெற்றோருக்குப் புரியவைக்கச் சொன்னார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது குறித்து ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட கையேட்டை, புகார் எழுந்ததும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு (என்.சி.இ.ஆர்.டி.) தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.